ஒரு நகராட்சித் தலைவரின் வாழ்க்கைக் குறிப்பை வரிவரியாகச் சரிபார்த்த மூன்று மாதம்

விக்கிப்பீடியாவில் ஒரு முன்னாள் நகராட்சித் தலைவரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. மொத்தம் 31 வாக்கியம். மூன்று மாதமாக, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பழைய வழக்குச் செய்தி இன்னொரு இடத்திலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ள நான் காரணமாகக் கூடாது.

முதலமைச்சரைப் பற்றித் தப்பாக எழுதினால் பத்து நிமிடத்தில் யாராவது திருத்திவிடுவார்கள். உள்ளூர்த் தலைவரின் பக்கத்தை மாதத்துக்கு நாலு பேர் பார்த்தால் அதிகம். ஆனால் அவர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் பக்கம்தான். அவர் பேரப்பிள்ளை தேடினாலும் அதுதான் வரும்.

முதல் வாரம்

ஒரு நோட்டில் 31 வாக்கியத்தையும் கையால் எழுதி, மேற்கோள்களைத் திறந்து படித்தேன். செய்தியில் உள்ளபடியே இருந்தால் பச்சை, செய்தி ஒன்று சொல்லக் கட்டுரை வேறு சொன்னால் மஞ்சள், ஆதாரமே இல்லை என்றால் சிவப்பு. செத்துப்போன இணைப்புகளில் பாதிக்கு மேல், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கிடைத்தன. கணக்கு: பச்சை 12, மஞ்சள் 11, சிவப்பு 8.

சிவப்பைவிட மஞ்சள்தான் ஆபத்து. பக்கத்தில் ஒரு மேற்கோள் எண் நின்றால் படிப்பவர் நம்பிவிடுகிறார். 'புதிய குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தார்' என்று ஒரு வரி. மேற்கோளைத் திறந்தால், திறப்பு விழாவில் அவர் கலந்துகொண்டார் என்று மட்டும் இருக்கிறது. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது அவருக்கு முந்தைய தலைவர் காலத்தில். புகழ்ச்சியாக இருந்தாலும் இது தவறான தகவல்தான். ஒருவருக்குக் கொடுத்த பெருமை இன்னொருவரிடமிருந்து எடுத்தது.

இனிஷியல்

இதில் பத்து நாள் போனது. ஒரு நாளிதழில் 'கே.', இன்னொன்றில் 'கு.', அரசிதழில் தந்தையின் முழுப்பெயர். மூன்றும் ஒரே ஆள். அதே 'கே.' போட்ட வேறொருவர் பக்கத்து வார்டில் கவுன்சிலராக இருந்திருக்கிறார். அவரது கட்சி மாற்றம் இவர் கணக்கில் ஏறியிருந்தது. வார்டு எண், பதவிக்காலம், தந்தை பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஒரு செய்தியை ஒருவரோடு சேர்ப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சுற்றி வரும் ஆதாரம்

பிறந்த ஆண்டுக்கு இரண்டு செய்திகள் மேற்கோளாக இருந்தன. இரண்டுமே கட்டுரைக்குப் பிறகு வெளியானவை. கட்டுரையில் இருந்த எழுத்துப்பிழை இரண்டிலும் அப்படியே இருந்தது. 2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க் அமைச்சரானபோது நடந்ததும் இதுதான். விக்கிப்பீடியாவில் அவரது நீண்ட பெயருக்குள் யாரோ 'வில்ஹெல்ம்' என்று ஒன்றைச் செருக, பத்திரிகைகள் அதை எடுத்துப் போட, அந்தப் பத்திரிகையே பிறகு விக்கிப்பீடியாவுக்கு ஆதாரமானது. அதிலிருந்து நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். கட்டுரையில் அந்தத் தகவல் எப்போது ஏறியது என்று திருத்த வரலாறு சொல்லிவிடும். செய்தி அதற்குப் பிந்தியது என்றால் ஒதுக்கிவிடுகிறேன்.

அந்த வழக்கு

'நிதி முறைகேடு வழக்கில் கைது செய்யப்பட்டார்.' இதற்கு என் நோட்டில் பச்சை. முதல் பக்கச் செய்தி ஆதாரமாக இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் வாக்கியம் கைதோடு நின்றுவிடுகிறது. படிப்பவர் மனசில் அந்த மனிதர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

நீதிமன்றத் தளத்தில் தேடினேன். விடுதலைத் தீர்ப்பு இருந்தது. ஆனால் வாழும் மனிதர்களைப் பற்றி எழுதும்போது நீதிமன்ற ஆவணத்தை நேரடி ஆதாரமாக வைக்கக் கூடாது என்பது விக்கிப்பீடியா விதி. நல்ல விதிதான், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஒரு குற்றப்பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு வரலாம். அதனால் நூலகத்தில் நாலு மதியம் உட்கார்ந்து, பைண்டு செய்த பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். தீர்ப்புக்கு மறுநாள், ஏழாம் பக்கம், ஒரு விளம்பரத்துக்குக் கீழே எட்டு வரி. விரலை வைத்து இரண்டு தடவை படித்தேன்.

இப்போது அந்த வாக்கியம் இப்படி: 'நிதி முறைகேடு நடந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் கைது செய்யப்பட்டார், குற்றச்சாட்டை மறுத்தார், விசாரணைக்குப் பின் நீதிமன்றம் அவரை விடுவித்தது.' 31 வாக்கியத்தில் ஒன்பது வழக்கைப் பற்றியே இருந்தன, பதவியில் செய்ததைப் பற்றி நாலுதான். ஒன்பதை மூன்றாகச் சுருக்கினேன்.

ஆஸ்திரேலியாவில் ஹெப்பர்ன் ஷயர் மேயர் பிரையன் ஹூட் விஷயம் 2023 ஏப்ரலில் வெளியே வந்தது. அவர் லஞ்ச வழக்கில் சிறை சென்றதாக சாட்ஜிபிடி சொன்னது. உண்மையில் அந்த லஞ்சத்தைக் காட்டிக்கொடுத்தவரே அவர்தான். அவர்மேல் வழக்கே இல்லை. ஒரு வழக்கோடு பெயர் ஒட்டியிருந்தால், எந்தப் பக்கம் நின்றவர் என்பது இப்படித் தொலைந்துபோகிறது. எந்திரம் படிப்பது நாம் எழுதி வைத்ததைத்தான்.

விட்டுக்கொடுக்காதது

கணக்குத் தணிக்கையில் வந்த ஆட்சேபத்தை நீக்கவில்லை. இரண்டு நாளிதழ்கள் தனித்தனியாக விசாரித்து எழுதியிருக்கின்றன. அவர் தந்த பதிலையும் சேர்த்தேன். முதலில் 'என்று கூறிக்கொண்டார்' என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லே அவரைப் பொய்யர் ஆக்குகிறது. 'என்று விளக்கம் அளித்தார்' என்று மாற்றினேன். 'மக்கள் மனம் கவர்ந்த தலைவர்' வரியையும் எடுத்தாயிற்று. அதற்கு ஆதாரம் அவரது தேர்தல் துண்டறிக்கை.

இன்றைய கணக்கு: மிஞ்சியது 22 வாக்கியம், 21 பச்சை. பிறந்த ஆண்டு மட்டும் இன்னும் சிவப்பில். கட்டுரையில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

குடிநீர்த் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிய முந்தைய தலைவர் ஒரு பெண். அவருக்குக் கட்டுரையே இல்லை. நேற்று புது நோட்டில் முதல் வரி எழுதினேன்: பதவியேற்ற நாள். அதற்கு அரசிதழ் கிடைத்துவிட்டது.