ஃபலோம்பேயில் அடிபம்பு பழுதுபார்க்கப் போன மிஷன் பயணம்

ஆப்பிரிக்காவில் உள்ள மலாவிக்கு மிஷன் பயணம் போகிறோம் என்றதும் சபையில் பலர் முதலில் கேட்டது, "அங்கே சுவிசேஷம் கேள்விப்படாதவர்கள் நிறைய இருக்கிறார்களா?" என்றுதான். மலாவி மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கிறிஸ்தவர்கள். தோட்ட முதலாளிகளின் கொடுமையை எதிர்த்து 1915-ல் எழும்பி உயிரை விட்ட ஜான் சிலெம்ப்வே ஒரு பாப்டிஸ்ட் போதகர். ஜனவரி 15 அன்று நாடே அவர் பெயரில் விடுமுறை விடுகிறது. அப்படிப்பட்ட மண்ணில் போய் நாங்கள் பிரசங்கம் பண்ண அவசியம் இல்லை. அங்குள்ள விசுவாசிகள் எங்களைக் கூப்பிட்டது தண்ணீருக்காக.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தென் மலாவியைப் புரட்டிப் போட்டது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அதே சமயத்தில் காலராவும் பரவி, அந்த ஒரு தொற்றில் மட்டும் 1,700 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். முலாஞ்சே மலைக்குப் பக்கத்தில், ஃபலோம்பே மாவட்டத்தில் ஊழியம் செய்யும் போதகர் ஒருவர் எங்கள் சபைக்குக் கடிதம் எழுதினார். ஆழ்துளைக் கிணறுகளில் சேறு இறங்கிவிட்டது, பம்புக்கு உதிரிபாகம் வேண்டும், கூட நின்று வேலை செய்ய ஆள் வேண்டும் என்றார். சரி, அதற்கு மட்டும் போவோம் என்று ஜெபித்து முடிவு செய்தோம்.

ஆயத்தத்துக்குத்தான் நிறைய நேரம் பிடித்தது. அங்குள்ள சபையின் அழைப்புக் கடிதம், விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாவற்றையும் முன்கூட்டியே தொடங்கிவிடுவது நல்லது. தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போவதால், ஒவ்வொருவரும் காவல்துறைச் சான்று கொண்டுவர வேண்டும் என்று எங்கள் மூப்பர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் படம் எடுக்கக் கூடாது என்பதும் அவர்கள் போட்ட சட்டம்தான். இரண்டையும் எல்லாச் சபைகளும் கட்டாயமாக்க வேண்டும். மலேரியாவுக்கு டாக்டர் எழுதித் தந்தது டாக்ஸிசைக்ளின். ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அந்த ஊர் பம்பு ஆஃப்ரிடெவ் என்கிற வகை. 1980-களில் கென்யாவிலும் மலாவியிலும் உருவானது. கிராமத்து ஆட்களே கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது, ஒரே ஸ்பானர் போதும். தண்ணீர் கமிட்டித் தலைவியை எல்லாரும் அமாயி (அவர்கள் மொழியில் அம்மா) என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் இடுப்பில் துணியை இறுக்கிக்கொண்டு போல்ட்டைத் தளர்த்தினார். உள்ளே இருந்த கம்பிகளை இரண்டு பெண்கள் ஒவ்வொன்றாக மேலே இழுத்தார்கள். திருகு மரை கிடையாது, கொக்கியை விடுவித்தால் கழன்று வந்துவிடும். கடைசியில் வந்த பிஸ்டனிலிருந்து அமாயி ஒரு ரப்பர் சீலை உருவி என் கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. மணல் அரித்து ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. இந்தச் சின்ன ரப்பருக்கு மாற்று கிடைக்காமல் அந்தப் பெண்கள் இத்தனை மாதமும் ஆற்றுக்கு நடந்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

சேற்றை வெளியேற்றியதும் குளோரின் போட்டதும் உள்ளூர் மெக்கானிக். நாங்கள் மணல் சுமந்தோம், ஜல்லி சுமந்தோம், பம்பைச் சுற்றி மேடை போடக் கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுத்தோம். இருவருக்கும் முழுக் கூலி எங்கள் பணத்திலிருந்து போனது. உள்ளூர்க் கொத்தனார் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இலவசமாகச் சுவர் எழுப்பிவிட்டுப் போவதை என்னால் ஊழியம் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் போனது பிப்ரவரி. பழைய மக்காச்சோளம் தீர்ந்து, புது அறுவடை வராத மாதம். அப்படியிருந்தும் ஒரு வீட்டில் கோழி அடித்து ந்சீமாவோடு (மக்காச்சோள மாவில் கிண்டும் களி) வைத்தார்கள். எங்களுக்குக் கை போகவில்லை. போதகர் மெதுவாகச் சொன்னார்: "மறுத்தால் அவர்கள் மனசு உடைந்துவிடும். ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடுங்கள்." சாப்பிட்டோம். அந்த வீட்டுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம், எதுவானாலும் சபைக் கமிட்டி வழியாகக் கொடுங்கள் என்று அப்புறம் கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் பக்கத்து வீட்டோடு வரும் சண்டையை அவர்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் தெளிந்து வந்த அன்று ஒருவரும் உடனே குடத்தை வைக்கவில்லை. வாத்தியம் எதுவும் இல்லாமல், பல குரல் சேர்த்து முதலில் பாடினார்கள், பிறகு ஒரு பாட்டி ஜெபித்தார். கர்த்தர் அந்த ஊரை ஒருநாளும் கைவிடவில்லை என்று அங்கே நின்றபோது முழு மனதோடு விசுவாசித்தேன்.

இப்போது குடும்பத்துக்கு இவ்வளவு குவாச்சா (மலாவிப் பணம்) என்று மாதாமாதம் வசூலித்து, கமிட்டியே மாற்று சீல் வாங்கி வைக்கிறது. அடுத்த குழுவை எப்போது அனுப்பட்டும் என்று எங்கள் மூப்பர்கள் போதகரிடம் கேட்டார்கள். இந்த வருஷம் ஆள் வேண்டாம், இரண்டு வாலிபர்கள் பம்பு மெக்கானிக் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறார்கள், அவர்களுக்குக் கட்டணம் கட்ட முடியுமா என்று பதில் வந்தது. விமான டிக்கெட்டுக்கு ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து அதைக் கட்டிவிட்டோம்.