வெள்ளை அங்கி இல்லாமல் ஓர் ஆண்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகள் மருத்துவராக நான் செய்யும் வேலைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, நாள்பட்ட நோயுள்ள குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவ மாணவரைத் துணையாகச் சேர்த்துவைப்பது. துணையாகப் போகிறவர் ஊசி போடக்கூடாது. நோயாளியின் கோப்பைத் திறக்கக்கூடாது. வெள்ளை அங்கியும் கூடாது. குழந்தையின் வீட்டுக்குப் போகவேண்டும், மருந்து வாங்கும் வரிசையில் கூடவே உட்காரவேண்டும். அவ்வளவுதான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளரும் ஒரு தமிழ்ச் சிறுமிக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் வெளியேறி உடல் வீங்கும் நோய் அது. பிரெட்னிசோன் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் வீக்கம் வடியும். ஒரு சளி பிடித்தால் போதும், திரும்ப வந்துவிடலாம். அவளுக்குத் துணையாகப் போனவள் ஜூலு மொழி பேசும் மாணவி. சிறுமி அவளைச் 'சிசி' என்றே கூப்பிட்டாள்; ஜூலுவில் அக்கா என்று பொருள். ஆயாவோ, "வாம்மா, முதலில் சாப்பிடு" என்று உட்காரவைத்துவிடுவார்.

அந்த மாத்திரையால் பசி கூடும் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. வீட்டில் அந்த ஒரு வரி இரவு முழுவதும் நீள்கிறது. சாப்பிட்டு எழுந்த பிள்ளை மறுபடியும் பசிக்கிறது என்று அழுகிறாள். வீக்கம் இருக்கும்வரை உப்பைக் குறைக்கவேண்டும். ஊறுகாய் பாட்டில் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. பள்ளியில் தோழிகள் பன்னி சௌவை, அதாவது குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய பண்டத்தை, பிய்த்துத் தின்னும்போது இவள் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். ஊதிய முகத்துக்கு வகுப்பில் வைத்த பட்டப்பெயரை ஆயாவிடம்கூடச் சொல்லாதவள், சிசியிடம் சொன்னாள். காலையில் சிறுநீரில் நனைத்த சோதனைத்தாள், புரதம் மறுபடி வெளியேறுவதைக் காட்டும் பச்சையாக மாறுமோ என்று ஆயா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதையும் அந்த மாணவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

சில மாதங்கள் கழித்து, அதே நோயுள்ள வேறொரு குழந்தையின் தாயிடம் அவள் பேசியதைக் கேட்டேன். "மருந்தை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?" என்று எல்லோரும் தொடங்கும் இடத்தில், "இரவில் பசித்தால் என்ன கொடுக்கிறீர்கள்?" என்று தொடங்கினாள். அந்தத் தாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார்.

பிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஆய்வாளர் ஹோஜத்தும் அவருடைய குழுவினரும் மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே மாணவர்களின் பரிவு குறைந்தது மூன்றாம் ஆண்டில், அதாவது நோயாளிகளோடு நெருங்கிப் பழகத் தொடங்கும் நேரத்தில். ஆகவே இந்தத் துணைப்பணி அதற்கு முன்பே தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு மதிப்பெண் போடவும் கூடாது. மதிப்பெண் வந்தால் குழந்தை பாடப்பொருளாகிவிடும்.

ஆறு வாரம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பதை இந்தக் குழந்தைகள் ஏற்கெனவே பார்த்துப் பழகியவர்கள். பழகியபின் காணாமல் போகும் இன்னொரு முகம் அவர்களுக்கு எதற்கு? குறைந்தது ஓர் ஆண்டு வேண்டும். பிரியும் நாளையும் முதல் சந்திப்பிலேயே குழந்தையிடம் சொல்லிவிடவேண்டும்.

இன்னொன்று, பயணச் செலவு. நிறவெறி ஆட்சியின் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின் பெயரால் 1960களில் இந்தியர்களை நகரிலிருந்து பெயர்த்துக் குடியேற்றிய இடம் சாட்ஸ்வொர்த். மினிபஸ் டாக்சிக் கட்டணம் அந்தக் குடும்பத்துக்கும் பாரம், ஏழை மாணவிக்கும் பாரம். அதைக் கல்லூரியே கொடுக்கவேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.