நரைத்த பின்னும் மாணவர்

எங்கள் வகுப்புத் தோழர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும்போது முதல் ஒரு மணி நேரம் உடம்பைப் பற்றிய பேச்சிலேயே போய்விடுகிறது. யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு முழங்கால் அறுவை, யாருக்குச் சர்க்கரை ஏறியது, யாருக்கு இறங்கியது. இதில் எனக்குக் குறை இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களிடம் நோயைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஆனால் அந்தப் பேச்சின் முடிவில் யாராவது ஒருவர், "நமக்கெல்லாம் வயதாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஐயாவிடமிருந்து தொடங்குகிறேன். ஓய்வு பெறும் காலம் நெருங்கியிருந்தபோது எங்கள் வகுப்புக்கு வந்தவர். பெயரை எழுதவில்லை, என் காலத்தவர்களுக்கு இன்னும் இரண்டு வரியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து அவர் பாடம் நடத்தியதே இல்லை. வரிசைகளுக்கிடையில் நடந்துகொண்டே பாட்டைச் சொல்வார். சொல்லச் சொல்லப் பாட்டில் வருபவராகவே மாறிவிடுவார். புறநானூற்றின் 243ஆம் பாட்டை நடத்திய அன்று, எங்கள் வகுப்பறைக்குள் ஒரு முதியவர் தடியூன்றி நடந்தார். நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமினார். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டி விளையாடியதை நினைத்துக்கொண்டார். நீரோரம் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் திகைக்க, ஆழமான மடுவில் 'துடும்' என்று குதித்ததையும், மூழ்கி அடிமணலை அள்ளி வந்து காட்டியதையும் சொன்னார். அந்த இளமை இப்போது எங்கே போயிற்றோ என்று இரங்கினார். பாட்டில் வரும் அந்தத் தடியே புலவருக்குப் பெயராகி, அவர் தொடித்தலை விழுத்தண்டினார் ஆகிவிட்டார்.

பதினைந்து வயதில் எங்களுக்கு அந்த முதியவர் கண்ணில் படவே இல்லை. மடுவில் குதித்த சிறுவனைத்தான் பார்த்தோம். இப்போது படிக்கும்போது தடியும் இருமலும் முதலில் தெரிகின்றன. ஆனாலும் எனக்கு இன்று அந்தப் பாட்டில் புலம்பலைவிட வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. அவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, பாருங்கள். கிளை எந்த மரத்துடையது, நீர் எப்படித் தெறித்தது, கையில் வந்தது என்ன, எல்லாம் அப்படியே இருக்கின்றன. நினைவாற்றலை ஆராய்பவர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். வயதானவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கேட்டால், ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலத்து நினைவுகளே அளவுக்கு மிஞ்சி வந்து குவிகின்றன. போன வாரம் சந்தித்தவர் பெயரைத் தேடும் என் நண்பன், ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வரிசை மாறாமல் ஒப்பிக்கிறான் என்றால் அதில் வியப்பில்லை. அந்தச் சிறுவன் எங்கும் போய்விடவில்லை.

அடுத்த நாள் ஐயா 191ஆம் பாட்டை எடுத்தார். முந்தைய நாள் பாட்டுக்கு மறுமொழி போலவே அதை வைத்தார். ஆண்டுகள் பல ஆகியும் உங்களுக்கு நரை இல்லையே, எப்படி என்று பிசிராந்தையாரைக் கேட்கிறார்கள். அவர் சொல்லும் காரணங்களைக் கரும்பலகையில் ஐயா எழுதச் சொன்னார். சிறந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், முறையல்லாதது செய்யாமல் காக்கும் அரசன், எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வாழும் ஊரில் அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர். எழுதி முடித்ததும் ஐயா கேட்டார்: "இதில் அவர் தம்மைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்?" தேடிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. என்ன சாப்பிட்டார், எப்படி மனதை அடக்கினார் என்று ஒரு சொல் கூட இல்லை. எல்லாம் சுற்றியிருந்த மனிதர்கள்.

இந்த ஒரு கேள்வியை நான் இத்தனை காலமாகச் சுமந்து வருகிறேன். மனதளவில் இளமையாக இருங்கள் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏதோ தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தால் வந்துவிடும் காரியம் என்பதுபோல. அப்படி வந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. நான் பார்த்தவர்கள் எல்லோரையும் யாரோ சிலர் இளமையாக வைத்திருந்தார்கள்.

ஐயாவையே சொல்கிறேன். பள்ளியின் சதுரங்கக் கழகம் மாலையில் கூடும். ஒரு நாள் அவர் வந்து, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எதிரில் உட்கார்ந்து, "தம்பி, எனக்குக் காய் நகர்த்தக் கற்றுக் கொடு" என்றார். பையன் எழுந்து நின்றுவிட்டான். அவனை உட்கார வைக்கவே சிறிது நேரம் ஆயிற்று. அதன் பிறகு தவறாமல் வந்தார். ஒரு பழைய கொப்பியில் நகர்வுகளைக் குறித்துக்கொள்வார். குதிரை எப்படிப் பாயும் என்பதே அவருக்குப் பிடிபடச் சில வாரங்கள் பிடித்தது. தோற்றால் பலகையைக் கலைக்க விடமாட்டார். "நான் எந்த இடத்தில் விட்டேன், சொல்லு" என்பார். அவன் காய்களைத் திரும்ப வைத்துக் காட்டுவான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த மனிதர், ஒரு சிறுவன் சுட்டும் விரலைப் பார்த்தபடி குனிந்திருப்பார். அவர் பெரிய ஆட்டக்காரர் ஆகவில்லை. ஆனால் அந்தக் கழகத்தில் அவரை முதியவர் என்று யாரும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. நாங்கள் அவரைத் தேடி வந்தோம், அவர் எங்களைத் தேடி வந்தார்.

உணர்வைப் பற்றிச் சில ஆய்வுகளும் உண்டு. டென்மார்க்கில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாற்பதைக் கடந்தவர்கள் தங்கள் வயதைவிடச் சராசரியாக 20 சதவீதம் இளையவர்களாகத் தங்களை உணர்கிறார்கள். எழுபது வயதுக்காரர் உள்ளுக்குள் ஐம்பத்தாறு. ஆகவே கண்ணாடியில் தெரிபவரைப் பார்த்து யார் இவர் என்று நினைப்பது நம்மில் ஒருவருக்கு மட்டும் உள்ள குணமல்ல. பெக்கா லெவி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. ஐம்பதைத் தாண்டிய 660 பேரின் விவரங்களைப் பார்த்தபோது, முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பொதுவாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடல்நிலை, வருவாய், தனிமை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. "இனி என்ன இருக்கிறது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் வார்த்தை எவ்வளவு கனமானது என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உடம்பும் நாம் நினைப்பதுபோல் ஒரேயடியாகக் கைவிட்டுவிடுவதில்லை. முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990இல் வெளியான ஆய்வு இது. தொண்ணூறில் முடிந்தது எழுபதில் முடியாதா? மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், ஆனால் தொடங்குங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நோயில் விழுந்த நண்பரிடம் போய், நீ மனதைத் தளர விட்டாய், அதனால்தான் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பின் சிறந்த கையெழுத்துக்காரனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவன் இடது கையால் எழுதக் கற்கிறான். அவனுடைய பேத்தி, தான் எழுதப் படிக்கும் கோடு போட்ட நோட்டையே அவனுக்கும் வாங்கிக் கொடுத்து, அருகில் உட்கார்ந்து திருத்துகிறாள். தனக்கு வயதாகிவிட்டது என்பதை அவன் நன்றாக அறிவான். தலைச்சாயம் பூசுவதோ, இருபது வயதுக்காரர் உடையை அணிவதோ அவரவர் விருப்பம். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இளமை என்று நான் சொல்வது அந்தக் கோடு போட்ட நோட்டில் இருக்கிறது.

சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் கூட்டங்களில் மூத்தவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. அதோடு, மாதம் ஒருமுறை இணையவழியில் ஒரு வகுப்பு நடத்துங்கள். அதில் இளைய பழைய மாணவர்கள் ஆசிரியர்களாக இருக்கட்டும், நாங்கள் மாணவர்களாக இருக்கிறோம். நிழற்படம் எடுப்பது, கணினியில் இசை அமைப்பது, புதிதாக ஒரு மொழி, எதுவானாலும் சரி. வீட்டுப்பாடமும் கொடுங்கள், திருத்தியும் தாருங்கள். எங்கள் வகுப்பிலிருந்து ஏழு பேர் இப்போதே சம்மதம் சொல்லிவிட்டார்கள். இடது கையால் எழுதும் நண்பனும் அதில் ஒருவன். கற்பிக்க முன்வரும் இளையவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்தால், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பே முதல் வகுப்பை வைத்துவிடலாம்.