ஷட்டவுன் சரி, ரீஸ்டார்ட் மட்டும் மக்கர்

வீட்டு டெஸ்க்டாப்புக்குக் கடையில் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போட்டு, விண்டோஸ் 10 புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். வேகம் பிரமாதம். ஆனால் அன்றிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் மதர்போர்டு லோகோ வந்து மறையும். அப்புறம் கறுப்புத் திரையின் இடது மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து, கொஞ்சம் விட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி விண்டோஸ் வந்துவிடும். ராத்திரி அப்டேட் ஓடினால் காலையில் அந்தக் கோட்டு முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் அவர்களுடைய கீபோர்டு, மவுஸ், மானிட்டரை மாட்டி ரீஸ்டார்ட் செய்தான். ஜம்மென்று வந்தது. "நல்லாத்தானே சார் இருக்கு?" முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய போர்டு சார், வீக் ஆயிருக்கும். போர்டு, ப்ராசஸர், ராம் மூணையும் மாத்திடலாம்." செக்கிங் சார்ஜ் தனியாக வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மாட்டினால் மறுபடி அதே கோடு.

இணையத்தில் முதலில் சொல்வது, கணினி சீக்கிரம் எழுந்துவர விண்டோஸில் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்கச் சொல்லித்தான். அணைத்தேன், பலனில்லை. இருக்கவும் வாய்ப்பில்லை, அந்த வசதி ஷட்டவுனைத்தான் மாற்றுகிறது, ரீஸ்டார்ட் எப்போதுமே முழுசாகத்தான் நடக்கிறது. ராமைக் கழற்றித் துடைத்து மாட்டியதிலும் தூசி போனதுதான் மிச்சம்.

திரையைக் கவனித்தபோதுதான் ஒன்று உறைத்தது. விண்டோஸ் ஏறத் தொடங்கியிருந்தால் சுற்றும் புள்ளிகள் வந்திருக்கும். அவை வரவேயில்லை. ஆக, விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை, ஃபார்மேட் போட்டாலும் தீராது. சரி என்று பின்னால் செருகியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிரிண்டர் இல்லை, வெப்கேம் இல்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கியதும் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது! கடைக்கு அதைக் கொண்டுபோகவில்லையே, அங்கே எப்படிக் கோளாறு தெரியும்?

கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் பட்டனைத் தட்டிப் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், போர்டின் சொந்தப் புரோகிராம்) போனால் பூட் வரிசையில், அதாவது விண்டோஸை எந்த டிஸ்க்கில் முதலில் தேடுவது என்ற வரிசையில், யுஎஸ்பி முதலிடத்தில் இருந்தது. பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றக் கடைக்காரர்கள் மாற்றியது, திருப்பி வைக்காமலே கொடுத்துவிட்டார்கள். அணைத்துப் போடும்போது அந்த டிஸ்க் சுழன்று தயாராகச் சில நொடிகள் ஆகும். அதற்குள் பயாஸ் அதைத் தாண்டி எஸ்எஸ்டிக்குப் போய்விடும். ரீஸ்டார்ட்டில் யுஎஸ்பிக்குக் கரண்ட் நிற்பதில்லை, டிஸ்க் சுழன்றுகொண்டேதான் இருக்கும். அதிலிருந்து பூட் செய்யப் பார்த்து, அதில் பூட் செய்ய ஒன்றுமில்லாததால் அங்கேயே நின்றுவிடுகிறது. எஸ்எஸ்டியை முதலில் வைத்து எஃப்10 அமுக்கிச் சேமித்தேன். டிஸ்க் செருகியபடியே இப்போது ரீஸ்டார்ட் ஆகிறது. புது போர்டுக்கான பணம் மிச்சம்.

கடைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்படியா சார்? சில போர்டுல அப்படித்தான்" என்றார். செக்கிங் சார்ஜைப் பற்றிப் பேச்சே இல்லை.

நீங்கள் சர்வீஸுக்குப் போவதானால் வீட்டில் செருகியிருக்கும் அத்தனையையும் கூடவே கொண்டுபோங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்ய வரிசையை மாற்றவே தேவையில்லை. எஃப்8, எஃப்11, எஃப்12 என்று போர்டுக்குத் தகுந்த ஒரு பட்டனில் அந்த ஒரு தடவைக்கான பூட் மெனு வரும். வரிசையைச் சரிசெய்த பிறகும் பழையபடி மாறினால், கூடவே தேதியும் நேரமும் பின்னால் போயிருந்தால், போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.