யூதப் பள்ளிக் கட்டணம்: சலுகை கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் யூத டே ஸ்கூல், அதாவது முழுநேர யூதப் பள்ளி என்றால் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். எபிரேய மொழி, தோரா என்ற வேதம், தல்மூத் என்ற சட்ட விளக்க நூல் ஒரு பக்கம். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியர்கள், நீண்ட பள்ளி நேரம், வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர். அரசுப் பணம் பெரும்பாலான மாநிலங்களில் மிகக் குறைவு. ஆகவே நியூயார்க், நியூ ஜெர்சி பகுதியில் தொடக்க வகுப்புகளுக்கே ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000 டாலரை ஒட்டிக் கேட்கிறார்கள். மன்ஹாட்டனில் உயர்நிலைக்கு 40,000-ஐத் தாண்டும் பள்ளிகளும் உண்டு.

'அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்க வைக்கலாமே' என்ற கேள்வி மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களிடம் செல்லாது. மகனுக்குத் தோரா கற்பிப்பது தந்தையின் கடமை என்று தல்மூத் சொல்கிறது. ஊருக்கு ஊர் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறேழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தவர் என்று பண்டைக்காலத் தலைமைக் குரு யெஹோஷுவா பென் கம்லாவை அதே தல்மூத் நன்றியோடு நினைவுகூர்கிறது. 2018-19 கல்வியாண்டில் எடுத்த கணக்கெடுப்பின்படி அமெரிக்காவின் 906 யூதப் பள்ளிகளில் சுமார் 2,92,000 பிள்ளைகள் படித்தார்கள். பெரும்பான்மை ஆர்த்தடாக்ஸ் வீட்டுப் பிள்ளைகள்தான். வீட்டுக்கு மூன்று, நான்கு, ஐந்து பிள்ளைகள் இருப்பதால் கட்டணமும் அத்தனை மடங்காகிறது.

முதலில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பள்ளி அச்சிட்டுத் தரும் கட்டணம் உச்ச வரம்பு மட்டுமே. ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்டும் என்பதைச் சலுகைக் குழு ஒன்று காகிதங்களை வைத்து முடிவு செய்கிறது. அந்தக் காகிதங்களைச் சரியாகத் தயார் செய்பவர்களுக்கும் அவசரத்தில் நிரப்பி அனுப்புபவர்களுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் வரும்.

'எங்கள் சம்பளத்துக்கு எங்கே கொடுக்கப்போகிறார்கள்' என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் நடுத்தரக் குடும்பங்கள்தான் அதிகம் இழக்கின்றன. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நியூ ஜெர்சியில் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து 2,40,000 டாலர் சம்பாதிக்கிறார்கள், நான்கு பிள்ளைகள் என்று கொள்வோம். மத்திய, மாநில வரி, சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் எல்லாம் சுமார் 55,000. வீட்டுக் கடனும் சொத்து வரியும் 55,000. மருத்துவக் காப்பீடும் கைச்செலவு மருத்துவமும் 15,000. மிச்சம் 1,15,000. தலைக்கு 22,000 கட்டணம், அதோடு 1,500 இதர கட்டணம் என்று நான்கு பேருக்கு 94,000 போனால் கையில் நிற்பது 21,000, அதாவது மாதம் 1,750. யூத உணவு விதிப்படியான கோஷர் இறைச்சி, இரண்டு கார், சினகாக் எனும் வழிபாட்டு இடத்தின் உறுப்பினர் கட்டணம், ஆறு பேருக்குத் துணிமணி எல்லாம் இதற்குள் அடங்கவே அடங்காது. இந்தக் குடும்பம் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இப்போது காகித வேலை. பல பள்ளிகள் ஃபேக்ட்ஸ் போன்ற வெளி நிறுவனத்தின் இணையப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. அதற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு, திரும்பக் கிடைக்காது. அந்த நிறுவனம் கொடுப்பது பரிந்துரை மட்டும். இறுதித் தொகையைப் பள்ளியின் குழுவே தீர்மானிக்கும். பல ஊர்களில் குளிர்காலத்திலேயே படிவத்தைத் திறந்துவிடுவார்கள். சலுகைக்கென்று ஒதுக்கிய தொகை ஓர் அளவுக்கு உட்பட்டது, தாமதமாக வருபவர்களுக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். வேலை தரும் நிறுவனம் கொடுக்கும் வருடச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 ஜனவரி 31-க்குள் வந்துவிடும் என்பதால் பிப்ரவரியிலேயே வரித் தாக்கல் செய்துவிடுவது நல்லது. அக்டோபர் வரை நீட்டிப்பு வாங்கும் பழக்கமுள்ள சுயதொழில்காரர்களின் கோப்புகள்தான் 'ஆவணம் முழுமையில்லை' என்ற பட்டியலில் தங்கிவிடுகின்றன.

கடைசி இரண்டு வருட வருமான வரித் தாக்கலான 1040 படிவத்தை எல்லா இணைப்புகளோடும் கேட்பார்கள். டபிள்யூ-2, சம்பளமல்லாத வருமானத்தைக் காட்டும் 1099, கூட்டுத் தொழில் இருந்தால் அதன் பங்கைக் காட்டும் கே-1, அண்மைச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், வீட்டுக் கடன் அறிக்கை ஆகியவையும் வேண்டும். வரித் துறையிடமே நகல் பெற்றுச் சரிபார்க்க 4506-சி படிவத்தில் கையெழுத்துக் கேட்பதும் உண்டு. வரிப் படிவத்தில் ஒரு எண், விண்ணப்பத்தில் வேறு எண் என்று இருந்தால் குழு முதலில் நம்பிக்கை இழக்கும், பிறகுதான் விளக்கம் கேட்கும். வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் இருந்தால் அவர்கள் கேட்கும் முன்னரே ஒரு வரியில் எழுதி வைத்துவிட வேண்டும்.

சிக்கல் வரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். வாடகை வீடோ சொந்தத் தொழிலோ இருப்பவர்கள் வரிக்காகத் தேய்மானம் கழித்திருப்பார்கள். அது கையை விட்டுப் போகாத பணம் என்பதால் குழு அதை வருமானத்தில் திரும்பக் கூட்டிவிடும். 401கே கணக்கில் தாங்களே விரும்பிப் போடும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் பல பள்ளிகள் அப்படியே கூட்டுகின்றன. பெற்றோரில் ஒருவர் வேலைக்குப் போகாவிட்டால் அவர் சம்பாதித்திருக்கக்கூடிய தொகை என்று ஓர் எண்ணைச் சேர்க்கும் பள்ளிகளும் இருக்கின்றன; கைக்குழந்தை, நோய், பெற்றோரைப் பராமரித்தல் போன்ற காரணம் இருந்தால் மருத்துவர் கடிதத்தோடு சொல்ல வேண்டும். விவாகரத்தான பெற்றோர் இருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், நீதிமன்ற உத்தரவின் நகலோடு. ஒருவர் நிரப்பாமல் இழுத்தடித்தால் மற்றவரின் கோப்பும் நகராது.

செலவுப் பக்கத்தில் கோடைக்கால முகாம், பாஸ்கா பண்டிகைக்கு ஹோட்டல், இஸ்ரேல் பயணம், வீட்டைப் புதுப்பித்தல், புதுக் கார் லீஸ் ஆகியவற்றை அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். பயணச் செலவைத் தாத்தா, பாட்டி கொடுத்திருந்தால் அதை எழுதிவிடுவதே பாதுகாப்பு. சலுகைக் குழுவில் இருப்பவர்கள் பல ஊர்களில் அதே சினகாக்கில் உட்காருபவர்கள்தான். மறைத்தது தெரிய வரும். அதே காரணத்தால், கோப்பை யார் யார் பார்ப்பார்கள், பெயருக்குப் பதில் எண் போட்டுக் குழுவிடம் வைப்பார்களா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கணக்கிடும் முறையை வெளிப்படையாக அறிவிக்காத பள்ளிகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. குடும்ப வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வாங்க மாட்டோம் என்று முன்கூட்டியே வரம்பு அறிவிக்கும் பள்ளிகளில் பெற்றோர் நிம்மதியாகத் திட்டமிட முடிகிறது. பள்ளி தேடும்போதே அப்படி வரம்பு உண்டா என்று கேட்டுவிடலாம்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் அவசியம். அதில் வேதனையை விட எண் முக்கியம். இப்படி எழுதலாம்: '2026-27-க்கு நான்கு பிள்ளைகளுக்கும் சேர்த்து 52,000 டாலர் எங்களால் கட்ட முடியும்; மாதம் 5,200 வீதம் பத்துத் தவணை. மார்ச்சில் என் வேலை நேரம் குறைக்கப்பட்டது, நிறுவனத்தின் கடிதம் இணைத்துள்ளேன். மூன்றாவது பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கு வருடம் 6,000 செலவாகிறது, ரசீதுகள் இணைத்துள்ளேன்.' தொகையைப் பெற்றோரே சொல்லும்போது பேச்சு அந்த எண்ணைச் சுற்றித் தொடங்கும். சொல்லும் தொகை உண்மையிலேயே கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நவம்பரில் தவணை தவறினால் அடுத்த வருட விண்ணப்பம் அங்கேயே பலவீனமாகிவிடும்.

பிள்ளைகள் இரண்டு மூன்று பள்ளிகளில் படித்தால் கவனம் தேவை. ஒவ்வொரு பள்ளியும் குடும்பத்தின் மொத்தத் திறனையும் தனக்கே உரியதாகக் கணக்கிட்டுவிட்டால் கூட்டுத்தொகை சமாளிக்க முடியாததாகிவிடும். மற்றப் பள்ளி நிர்ணயித்த தொகையை எழுத்தில் காட்டி, மொத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். முடிவு வந்த பிறகு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் முன்பு சொல்லாத புதுத் தகவல் இருந்தால் மட்டுமே அது பலிக்கும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குப் பின் பிள்ளையை நிறுத்தினாலும் முழு வருடக் கட்டணமும் கடனாக நிற்கும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. சலுகை கட்டணத்துக்கு மட்டுமா, அல்லது பதிவுக் கட்டணம், கட்டட நிதி, பாதுகாப்புக் கட்டணம், மதிய உணவு, ஆண்டு விருந்துக்குத் திரட்ட வேண்டிய நன்கொடை ஆகியவற்றுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். நான்கு பிள்ளைகளுக்கு இந்தச் சில்லறைகளே 6,000 டாலர் ஆகிவிடும். கிரெடிட் கார்டில் கட்டினால் 3 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டுவதே மேல்.

பெற்றோரில் ஒருவர் புதிதாக வேலைக்குப் போக நினைத்தால் முதலில் பள்ளியிடம் கேட்க வேண்டும். 30,000 டாலர் கூடுதலாக வந்தால் வரியில் ஏறக்குறைய 10,000 போகும், சலுகையில் 12,000 குறைந்தால் மிச்சம் 8,000. குழந்தைப் பராமரிப்பு அதையும் தின்றுவிடலாம். யூதப் பள்ளியிலேயே ஆசிரியராகவோ அலுவலராகவோ சேர்ந்தால் கணக்கே வேறு. ஊழியர் பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் கட்டணக் குறைப்புக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது.

வரி விஷயத்தில் ஒரு கதவு மூடியே இருக்கிறது. கட்டணத்தில் சமயக் கல்விக்கான பங்கை நன்கொடையாக வருமானத்திலிருந்து கழிக்க விட வேண்டும் என்று ஸ்க்ளார் என்ற யூதத் தம்பதி வழக்காடினார்கள். 2008-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திறந்திருக்கும் கதவுகள் வேறு. கிண்டர்கார்ட்டனுக்கு முந்தைய நர்சரிக் கட்டணத்தை வேலை தரும் நிறுவனத்தின் குழந்தைப் பராமரிப்புக் கணக்கிலிருந்து வரியில்லாப் பணமாகக் கட்டலாம். 2026 முதல் அதன் வரம்பு 7,500 டாலர். கல்விக்கென வரிச் சலுகையோடு சேர்க்கும் 529 சேமிப்புக் கணக்கிலிருந்து பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 10,000 வரை எடுக்கலாம் என்று 2018-இல் நடைமுறைக்கு வந்தது. 2026-இல் அது 20,000 ஆகிறது. நியூயார்க், கலிஃபோர்னியா மாநிலங்கள் இதை ஏற்பதில்லை என்பதால் அங்கே மாநில வரியில் அடி விழும். தாத்தா, பாட்டி உதவினால் காசோலையை நேராகப் பள்ளியின் பெயருக்கே எழுத வேண்டும். அப்போது தொகை எவ்வளவானாலும் பரிசு வரிக் கணக்கில் சேராது. பெற்றோர் கையில் கொடுத்தால் ஆளுக்கு 19,000 டாலர் என்ற வருடாந்தர வரம்பு குறுக்கே வரும். சமய வழக்கப்படி ஒதுக்கும் பத்தில் ஒரு பங்கிலிருந்து கட்டணம் கட்டலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குடும்பத்தின் ரப்பியிடம், அதாவது மத குருவிடம் கேட்டுக்கொள்வதே முறை.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறும். ஃபுளோரிடாவில் 2023 சட்டத்துக்குப் பிறகு வருமான வரம்பில்லாமல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநில உதவியாக ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 8,000 டாலர் கிடைக்கிறது. அதற்காகவே குடிபெயர நினைப்பவர்கள் தென் ஃபுளோரிடாவின் வீட்டு விலையையும் வீட்டுக் காப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்லினாயில் இருந்த உதவித்தொகைத் திட்டம் 2023 முடிவோடு நின்றுவிட்டது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் திண்டாடின. மாநில உதவி நிரந்தரம் என்று வைத்து வீடு வாங்கக் கூடாது. நியூ ஜெர்சியில் பெரிய உதவி எதுவும் இல்லாவிட்டாலும் பஸ் உண்டு. எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், 9 முதல் 12 வரை இரண்டரை மைலுக்கு மேல் தூரமிருந்தால் பள்ளி மாவட்டம் பஸ் தர வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்கு 1,000 டாலருக்கு மேல் பணமாகத் தர வேண்டும். இதற்கான பி6டி என்ற விண்ணப்பப் படிவத்தைக் கெடுவுக்குள் கொடுக்க மறந்து வருடா வருடம் இழப்பவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில், நியூயார்க் நகரத்துக்கு வெளியே, பஸ் கேட்க ஏப்ரல் 1 கடைசி நாள்.

நடு வருடத்தில் வேலை போனால் தவணையை நிறுத்திவிட்டு மௌனமாக இருக்கக் கூடாது. அந்த வாரமே நிதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, வேலை நீக்கக் கடிதத்தை இணைத்து, இப்போது மாதம் எவ்வளவு முடியும் என்று சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் இதற்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று தவணை தவறிய பிறகு கேட்பவருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.