ரிப்போர்ட் எல்லாம் நார்மல், படபடப்பு மட்டும் போகவில்லை

பதற்றத்துக்குச் சிகிச்சை எடுத்து ஒரு வழியாகத் தேறி வருகிறேன். சிகிச்சைகூடப் பரவாயில்லை, அதன் வாசலைக் கண்டுபிடிப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

எனக்கு வந்தது பேனிக் அட்டாக். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். மாரடைப்பு என்று பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி சரி, ரத்தப் பரிசோதனை சரி. பணியிலிருந்த மருத்துவர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமலேயே, "ஒன்றுமில்லை, டென்ஷன் ஆகாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இதயத்தில் ஒன்றுமில்லை, சரி. வந்தது என்ன, யாரிடம் காட்டுவது? அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்குமா? அவர் சொல்லாததால் மறுபடியும் அதே அவசரப் பிரிவு, அதே ஈசிஜி, அதே பதில்.

அதற்காக, நெஞ்சுவலி முதல்முறை வரும்போதே பதற்றம்தான் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் நடுக்கமும் வரும். எனக்குத் தைராய்டு பரிசோதனையை அதுவரை யாரும் எழுதித் தரவில்லை. நெடுநாள் காத்திருந்து கிடைத்த மனநல மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். அன்றைய சந்திப்பு அதோடு முடிந்தது! போகும்போதே டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள். ஆஸ்துமா இன்ஹேலரும் சில சளி மாத்திரைகளும்கூடப் படபடப்பைக் கிளப்பும் என்பதால் அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்திப்பில் 7 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடந்த 2 வாரங்களில் எவ்வளவு கவலைப்பட்டோம் என்பதற்கு 21 வரை மதிப்பெண். அது ஒரு நிமிட வேலை.

அடுத்த அடி மாத்திரையில்தான் விழுந்தது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், ஆரம்பத்தில் பதற்றம் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த முதல் வாரத்தில் அவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டேன். போன் செய்தால் வரவேற்பில் இருந்தவர், "அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் கேளுங்கள்" என்று வைத்துவிட்டார். எழுதிக் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்: முதல் வாரம் எப்படி இருக்கும், மோசமானால் எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் எந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே அவசர உதவியை நாட வேண்டும். இன்னொன்று, "இதைப் போடு, உடனே அடங்கும்" என்று தெரிந்தவர் நீட்டும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்காதீர்கள். அடங்குவது உண்மைதான், பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

முதலில் போன ஆலோசகர் நல்லதையே நினைக்கச் சொன்னார். நினைக்க முடிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? அடுத்தவர்தான் என்ன நடக்கிறது என்று விளக்கினார். ஆபத்து என்று உடல் தவறாக எண்ணி அட்ரினலினைச் சுரக்கிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மரத்துப்போவது அதனால்தான். பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கிவிடும். படபடப்பு வந்துவிடுமோ என்று லிஃப்ட்டைத் தவிர்த்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி, ஆனால் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். பிறகு சுழல் நாற்காலியில் சுற்ற வைத்தார், ஸ்ட்ரா வழியாக மூச்சு விட வைத்தார். படபடப்பை நாமே வரவழைத்து, அது ஒன்றும் செய்யாது என்று உடலுக்குக் காட்டுகிற பயிற்சி. பார்ப்பதற்குக் கோமாளித்தனமாக இருக்கும், எனக்குப் பலன் தந்தது அதுதான்.

போன மாதம் நெரிசலான லிஃப்ட்டில் ஏறினேன். வந்தது. இறங்கி ஓடாமல் நின்றேன், கடைசித் தளம் வரை.

இப்போது மாத்திரையைக் குறைக்கும் கட்டம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம் என்பதால் எந்த வாரம் எவ்வளவு என்று அட்டவணை கேட்டேன். "வாயால் சொன்னால் போதாதா?" என்றார்கள். எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.