இன்னும் பென்சிலில்தான்

"எனக்குன்னு ஒரு வகுப்பு குடுங்க சார்" என்று எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆசிரியை ஒருவர் கேட்டதும், "இந்த வருஷம் போகட்டும் மேடம், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று நான் சொன்னதும் சேர்த்து அரை நிமிடம்கூட இருக்காது. அதை அதற்குப் பிறகு எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

டைம்டேபிள் போடுவது என் பொறுப்பு. போட்டவர்களுக்குத் தெரியும், யாரிடமும் நல்ல பெயர் வாங்க முடியாத வேலை அது. ஸ்டாஃப் ரூமில் ஒட்டும் பெரிய சார்ட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரின் முதலெழுத்து இருக்கும். பழையவர்களைப் பேனாவிலும் புதிதாக வந்தவர்களைப் பென்சிலிலும் எழுதுவது என் வழக்கம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாதியில் போய்விட்டால் முழு சார்ட்டையும் யார் மறுபடி எழுதுவது? அவருக்கு விழுந்ததெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியவை. மூன்று பிரிவுகளில் கடைசி பீரியட், அப்புறம் யார் லீவு போட்டாலும் சப்ஸ்டிட்யூஷன். வகுப்பாசிரியர் பொறுப்பு மட்டும் இரண்டு வருஷமும் கிடையாது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் சேர்வதற்கு முந்தைய வருஷம் ஒரு பிரிவுக்கு மூன்று வகுப்பாசிரியர்கள் மாறினார்கள். மூன்றாவது ஆள் நான். முதல் நாள் உள்ளே போனதும் முன்பெஞ்சுப் பையன் ஒருவன், "நீங்க எவ்ளோ நாள் சார் இருப்பீங்க?" என்றான். கிண்டலெல்லாம் இல்லை. நோட்டு லேபிளில் வகுப்பாசிரியர் பெயர் எழுதும் இடத்தில் ஏற்கெனவே இரண்டு பெயர்களை அடித்திருந்தான், மூன்றாவது பெயர் எழுத இடம் இல்லை, புது லேபிள் ஒட்டலாமா வேண்டாமா என்பதுதான் அவன் கவலை. அதைப் பார்த்த பிறகு, நிலைத்து இருப்பார் என்று தெரியாத யாருக்கும் வகுப்பைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். அது தப்பா?

ஆதாரமும் கையில் வைத்திருந்தேன். நியூயார்க் நகரத்தின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை வைத்து ரான்ஃபெல்ட், லோப், வைக்காஃப் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆசிரியர்கள் அதிகம் மாறும் இடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண் குறைகிறது, போகாமல் இருக்கும் ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளுக்குக்கூடப் பாதிப்பு இருக்கிறது என்றார்கள். மீட்டிங்குகளில் இதை நான் சொல்லாத நாள் இல்லை.

அவர் ராஜினாமா கடிதத்தை நீட்டியபோது நான் முதலில் கேட்டது, "போர்ஷன் எவ்வளவு முடிஞ்சிருக்கு?" பதில் சொன்னார். பிறகு சார்ட்டைப் பார்த்து, "ரெண்டு வருஷம் ஆச்சு சார், இன்னும் பென்சில்லதான் இருக்கேன்" என்றார். நான் சிரித்தேன். நகைச்சுவை என்றுதான் நினைத்தேன், இல்லை, நகைச்சுவையாக எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு சார்ட்டுக்கு முன்னால் நின்றேன். ஆசிரியர்கள் விலகுவது பற்றி ஆய்வாளர்கள் ஸ்மித்தும் இங்கர்சாலும் 2004-இல் எழுதியது நினைவில் இருந்தது. தன் பாடத்தையே எடுக்கும் மூத்தவர் ஒருவரின் வழிகாட்டல், சக ஆசிரியர்களோடு சேர்ந்து திட்டமிட ஒரு பொதுவான நேரம், இந்த இரண்டும் கிடைத்த புதியவர்கள் குறைவாகவே விலகுகிறார்கள் என்பது. அவருடைய ஃப்ரீ பீரியடுகளை விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அவர் பாடத்துக்காரர் வேறு யாருடைய ஃப்ரீ பீரியடோடும் சேரவில்லை. இரண்டு வருஷமும் அவர் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து நோட்டு திருத்தியிருக்கிறார். அந்தக் கட்டங்களை நிரப்பியது நான். வேண்டுமென்று செய்யவில்லை, கவனிக்கவே இல்லை, எது மோசம் என்று இன்னும் தெரியவில்லை.

போகக்கூடும் என்பதால் வகுப்பு கொடுக்கவில்லை. வகுப்பு இல்லாததால் போனார். இப்படிச் சொன்னால் கச்சிதமாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். கடிதத்தில் குடும்பக் காரணம் என்றுதான் இருந்தது. உண்மையாகவும் இருக்கலாம். வகுப்பைக் கொடுத்து, அப்புறமும் அவர் போயிருந்தால் லேபிளில் இன்னொரு பெயரை அடித்திருப்பார்கள், அப்போது இதே நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால், "ஏன் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

இந்த வருஷம் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அவருக்கு ஒரு பிரிவைக் கொடுத்தேன், சக ஆசிரியர்கள் இரண்டு பேர் வேண்டாம் என்று சொன்னார்கள். வந்த மாதமே இரண்டு திங்கட்கிழமை லீவு, எங்கோ இன்டர்வியூ என்று பேச்சு. முதலெழுத்தைப் பேனாவில்தான் எழுதினேன். எழுதிவிட்டு, டிராயரில் ஒயிட்னர் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டேன்.